லேபுக்குள் கேட்ட புலிச் சத்தம்

அன்புள்ள அம்மாவுக்கு,

எனக்கு வயது 23. சொந்த ஊர் கரூர் பக்கம். டெக்சாஸில் எம்.எஸ். படிக்கிறேன். தோழிகள் என்று நம்பியவர்கள் என்னை நடத்திய விதத்தை முகம் தெரியாத உங்களிடமாவது கொட்டினால்தான் எனக்குத் தூக்கம் வரும் போலிருக்கிறது.

போன மார்ச்சில் ஒரு வாரம் ஸ்பிரிங் பிரேக். நாங்கள் ஐந்து பேர் மெக்சிகோவில் கான்கூன் என்ற கடற்கரை ஊருக்குப் போனோம். அமெரிக்க விசா செல்லுபடியாக இருந்தால் மெக்சிகோவுக்குத் தனி விசா தேவையில்லை, திரும்பி வர ஐ-20இல் (மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் படிவம்) பயணக் கையெழுத்து வேண்டும் என்பதையெல்லாம் விசாரித்து, நாலு பேரையும் இன்டர்நேஷனல் ஆபீசுக்கு இழுத்துக்கொண்டு போனவள் நான். மலிவான டிக்கெட்டைத் தேடிப் பிடித்தவளும் நான்தான். அதற்கு ஒரு வார்த்தை நன்றி கிடையாது.

ஓட்டலில் இரண்டு பெரிய கட்டில், ஒரு சோபா. சோபா எனக்கு. சீட்டுக் குலுக்கிப் போட்டோம் என்பது உண்மைதான். ஆனாலும் ஐந்து ராத்திரியில் ஒருத்தியாவது "இன்னிக்கு நீ இங்க படு" என்று சொல்லவில்லை. மூன்று பேருக்குத் தெலுங்கு தாய்மொழி. ஏதாவது சொல்லிச் சிரிப்பார்கள், எனக்குப் பாதிதான் புரியும். புனேக்காரி அவர்களோடு சேர்ந்து சிரிப்பாள், அவளுக்கு அதுவும் புரியாது!

பெரிய கொடுமை, பழைய மாயா பிரமிடு இருக்கும் சிச்சென் இட்சா போன அன்றுதான். கான்கூனிலிருந்து கிட்டத்தட்ட 200 கிலோமீட்டர். விடியற்காலையில் வேன். தினமும் காலை 9 மணிக்கு, அதாவது ஊரில் இரவு 7.30க்கு, நான் அப்பாவிடம் பேசுவேன். அன்று போனைப் பார்த்தால் 8.15. இன்னும் நேரம் இருக்கிறதே என்று இருந்துவிட்டேன். வழியில் யுகடான் மாநிலத்துக்குள் நுழைந்ததும் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போய்விட்டது எனக்குத் தெரியாது. சிக்னல் கிடைத்துக் கூப்பிட்டபோது அப்பா நாலு தடவை முயற்சி செய்து பதறிப் போயிருந்தார். ஸ்பிரிங் பிரேக் முழுக்க லேபில் வேலை என்று அவரிடம் சொல்லியிருந்தேன். அங்கே கடைக்காரர்கள் புலி மாதிரி உறுமும் ஊதுகுழல் விற்கிறார்கள், ஜாகுவார் விசில். மரத்தடிக்கு மரத்தடி ஒதுங்கினாலும் பின்னாலேயே ஊதிக்கொண்டு வருகிறார்கள். "என்னம்மா அது, புலி உறுமற மாதிரி?" என்றார் அப்பா. "லேப்ல மெஷின் ஓடுதுப்பா" என்றேன்.

பேசி முடித்துத் திரும்பினால் அவர்கள் பிரமிடை நாலு பக்கமும் சுற்றிப் பார்த்தாகிவிட்டது. படிக்கட்டுக்கு எதிரே நின்று கை தட்டினால் எதிரொலி பறவை கூவுவது மாதிரி வருமாம். தட்டி, கேட்டு, வீடியோவும் எடுத்தாகிவிட்டது. நான் பார்த்தது ஒரு பக்கம்தான்.

அப்புறம் செனோட்டே. சுண்ணாம்புப் பாறை உள்வாங்கி உண்டான பெரிய கிணறு, படியிறங்கிப் போய் நீந்தலாம். எனக்கு மனசே சரியில்லை, நீங்க போங்க என்றேன். இரண்டு தடவை கூப்பிட்டார்கள், அவ்வளவுதான். ஒருத்தியாவது கையைப் பிடித்து இழுத்திருக்கக் கூடாதா? நான் மேலே ஐந்து பேர் பையையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். (போவதற்கு ஒரு வாரம் முன்னால்தான் தங்கை சொன்னாள், அப்பா முட்டி ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுவிட்டாராம், என்னிடம் சொல்லக் கூடாது என்றாராம். டிக்கெட் அதற்கு முன்பே போட்டாகிவிட்டது, பணம் திரும்பி வராது. அது வேறு விஷயம்.) இறங்காத கிணற்றுக்கும், செலவைப் பங்கு பிரிக்கும் ஸ்ப்ளிட்வைஸ் ஆப்பில் என் பங்கை ஏற்றிவிட்டார்கள்!

200 போட்டோவுக்கு மேல் இருக்கும். நான் இருப்பது நாலில், அதிலும் ஒன்றில் முதுகு. என் படத்தை எங்கேயும் போடாதீர்கள் என்றுதான் சொன்னேன், எடுக்கவே வேண்டாம் என்றா சொன்னேன்? ஊரில் தங்கைக்கு மட்டும்தான் நான் போனது தெரியும், அவள் வாயைத் திறக்க மாட்டாள். செலவு முழுக்க என் சொந்தக் காசு, டைனிங் ஹாலில் வாரம் 20 மணி நேரம் தட்டுக் கழுவிச் சம்பாதித்தது. அப்படியிருந்தும் ஐந்து நாளும் சோபா.

ஆகஸ்ட் வரை ஒரே அபார்ட்மென்ட் லீஸ். இவர்களோடு பேச்சை நிறுத்திக்கொள்ளலாமா? எப்படி?

பெயர் வேண்டாம், டெக்சாஸ்

*

அன்புள்ள மகளே,

கடிதத்தில் சோபா இரண்டு இடத்தில் வருகிறது. அப்பாவின் முட்டி ஒரே ஒரு தடவை, அதுவும் அடைப்புக்குறிக்குள். "அது வேறு விஷயம்" என்று அதன் மேல் ஒரு மூடியையும் போட்டுவிட்டாய். எனக்கு அது ஒன்றுதான் விஷயமாகப் படுகிறது.

தோழிகள் வழக்கை முதலில் முடித்துவிடுவோம், அதற்கு அதிக நேரம் வேண்டாம். சீட்டுக் குலுக்கி விழுந்தது சோபா. படம் போடாதீர்கள் என்று ஒருத்தி சொன்னால், மற்றவர்கள் அவளை விட்டுவிட்டுத்தான் எடுப்பார்கள். அதை மரியாதை என்றும் சொல்லலாம். கிணற்றுக்கு இரண்டு தடவை கூப்பிட்டதாக நீயே எழுதியிருக்கிறாய். மூன்றாம் தடவை கூப்பிட அவர்களுக்குக் காரணம் தெரியாது. நீ சொல்லவில்லையே! தினமும் காலை 9 மணிக்கு நீ ஒதுங்கிப் போய்ப் பேசி முடிக்கும்வரை நாலு பேர் வெயிலில் காத்திருந்திருப்பார்கள். அவர்களும் எங்கேயாவது எழுதினால் என்ன எழுதுவார்கள் என்று யோசித்துப் பார். தெலுங்குச் சிரிப்பு மட்டும் கொஞ்சம் உறுத்தும்தான், ஒப்புக்கொள்கிறேன். "எனக்கும் சொல்லிட்டுச் சிரிங்கடி" என்று கேட்டால் தீரும்.

நீ போனதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உன் கை வலிக்கச் சம்பாதித்த காசு. அப்பாவுக்கு முட்டி வலிக்கும்போது மகள் கடல் பார்ப்பது பாவமும் இல்லை. ஆனால் பாவம் என்று நீ முடிவு கட்டிவிட்டாய். தங்கை போன் செய்த ராத்திரியே அந்தப் பயணம் உனக்குக் கசந்துபோயிருக்கும். டிக்கெட் பணம் திரும்பாது என்பதால் போனாய். அப்பாவின் வலிக்கு ஈடாக ஐந்து நாளுக்குள் ஒரு பெரிய சந்தோஷத்தைச் சம்பாதித்துக் காட்ட வேண்டிய நிலைமை. அப்படிப்பட்ட சந்தோஷத்தை எந்தத் தோழியால் தர முடியும்? கட்டிலை விட்டுக் கொடுத்திருந்தால் போர்வை சரியில்லை என்று எழுதியிருப்பாய். சும்மா வந்த நாலு பெண்கள் மேல், அவர்களுக்குத் தெரியாமலே ஒரு கடனை எழுதி வைத்திருக்கிறாய். ஸ்ப்ளிட்வைஸில் ஏறாத கடன்.

பொய் விஷயத்தில் உன்னைக் கொஞ்சம் கண்டிக்க வேண்டும். பல்கலைக்கழக ஆபீசில் சொல்லிக் கையெழுத்து வாங்கினாய். இரண்டு நாட்டு அதிகாரிகளிடம் பாஸ்போர்ட்டை நீட்டி, எங்கே போகிறேன், எப்போது வருகிறேன் என்று சொன்னாய். அப்பா ஒருத்தர்தான் பாக்கி. அங்கே பாஸ்போர்ட் தொலைந்திருந்தால், உடம்புக்கு ஏதாவது வந்திருந்தால், உன் வீட்டில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் யார்?

தங்கை.

அவள் என்ன படிக்கிறாள் என்று நீ எழுதவில்லை. பள்ளிக்கூடமோ கல்லூரியோ, அவள் தலையில் இப்போது இரண்டு மூட்டை. அப்பா "அக்காகிட்ட சொல்லாதே" என்று கொடுத்தது ஒன்று, நீ "அப்பாகிட்ட சொல்லாதே" என்று கொடுத்தது இன்னொன்று. முட்டி வலியோடு அப்பா படியேறுவதை அவள் பக்கத்திலிருந்து பார்க்கிறாள். அதே நேரத்தில் அக்கா எந்தக் கடற்கரையில் இருக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும். இரண்டையும் விழுங்கிக்கொண்டு சாப்பிட உட்கார வேண்டும். அதில் ஒன்றைத் தாங்க முடியாமல்தான் உன்னிடம் இறக்கி வைத்தாள். நீ அதை வாங்கிக்கொண்டு, பதிலுக்கு உன்னுடையதை அவளிடம் ஏற்றிவிட்டாய். "வாயைத் திறக்க மாட்டாள்" என்று நற்சான்று வேறு! கடிதம் முழுக்க யார் உன்னைக் கவனிக்கவில்லை என்று கணக்கெடுத்திருக்கிறாய். நீ கவனிக்காமல் விட்டது இந்தப் பெண்ணை.

நீயும் அப்பாவும் செய்வது ஒரே காரியம்தான் என்பது உனக்குத் தெரிகிறதா? மகள் படிப்பு கெட்டுவிடும் என்று அவர் வலியை மறைக்கிறார். அப்பா மனசு நோகும் என்று நீ சந்தோஷத்தை மறைக்கிறாய். அந்தக் குணம் உனக்கு அவரிடமிருந்து வந்ததுதான். தினமும் தவறாமல் பேசிக்கொள்கிறீர்கள், சாப்பிட்டியா, சாப்பிட்டேன், தூங்கினியா, தூங்கினேன். அந்தப் பேச்சுக்குள் முட்டியும் இல்லை, கடலும் இல்லை. நாலு தடவை கூப்பிட்டுக் கிடைக்காமல் அவர் பதறியது நீ லேபில் இருப்பதாக நம்பிய அன்றைக்கு. மறைத்ததால் அவருக்கு நிம்மதி கிடைத்துவிடவில்லை பார்.

ஆபரேஷனைப் பணத்துக்காகத் தள்ளினாரா, பயத்தில் தள்ளினாரா, இப்போதைக்கு மருந்தும் பயிற்சியும் போதும் என்று டாக்டரே சொன்னாரா, உனக்குத் தெரியாது. உன் படிப்புக்காகத்தான் என்று நீயாகவே தீர்ப்பு எழுதி, தண்டனையையும் அனுபவித்துவிட்டாய், கிணற்று மேட்டில் பை காத்துக்கொண்டு. கேட்காமல் எழுதிய தீர்ப்பு அது. கேட்ட பிறகு உண்மையாகவே பணம்தான் காரணம் என்று தெரிந்தால், அப்போது என்ன செய்யலாம் என்று வீட்டோடு சேர்ந்து யோசிக்கலாம். அதற்கு வழிகள் இருக்கும்.

தோழிகளோடு பேச்சை நிறுத்தாதே. அந்தக் கிணற்றுப் பங்கைக் கட்டிவிடு, டிக்கெட் ஐந்து பேருக்கும் சேர்த்துத்தானே எடுத்திருப்பார்கள். முடிந்தால் ஒருத்தியிடமாவது, அன்று ஏன் இறங்கவில்லை என்பதைச் சொல். நீ நினைப்பதைவிடச் சுலபமாகப் புரிந்துகொள்வாள். தினமும் வீட்டுக்குப் போன் போட்டு ஏதாவது ஒன்றை விழுங்குகிறவளாகத்தான் அவளும் இருப்பாள்.

ஊர் விஷயத்தில் முதல் போன் தங்கைக்கு. "அப்பாகிட்ட நானே சொல்லப் போறேன், இனிமே எனக்காக நீ எதையும் மறைக்க வேண்டாம்" என்று சொல். அவள் நிம்மதியாக மூச்சு விடுவது உனக்கு அங்கே கேட்கும். முட்டி விஷயம் உன் காதுக்கு வந்ததை அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றும் அவளையே கேள். அவள்தானே மாட்டிக்கொள்வாள்.

அப்புறம் அப்பா. வழக்கமான நேரத்துக்கே கூப்பிடு, ஆனால் வீடியோவில். பெரிய பீடிகை எதுவும் வேண்டாம். "அன்னிக்கு ஒரு சத்தம் கேட்டுச்சுன்னீங்களே, அது மெஷின் இல்லப்பா" என்று ஆரம்பி.