நான் இருப்பது நியூ ஜெர்சியில். நவம்பரில் கருகத் தொடங்கிய என் வீனஸ் ஃப்ளைட்ராப் (பூச்சி பிடித்துத் தின்னும் செடி) செத்துவிட்டதா? குளிர் முடியும்வரை ஹீட்டர் பக்கத்தில் வைக்கலாமா?

செத்திருக்க வாய்ப்பு குறைவு, உறங்கப் போகிறது, அவ்வளவுதான். ஆனால் நியூ ஜெர்சிக் குளிருக்குப் பயந்து ஹீட்டர் பக்கம் கொண்டுபோய் வைத்தீர்கள் என்றால் நிஜமாகவே சாகடித்துவிடுவீர்கள். முதல் வருடம் ஏதோ தாக்குப்பிடிக்கும். அடுத்த வருடம் இலை சிறுத்து, இலை நுனியில் பூச்சி பிடிக்கும் பொறி சோர்ந்து, ஒரு நாள் காணாமல் போகும். வீட்டில் வளரும் ஃப்ளைட்ராப்கள் குளிரில் சாவதைவிடக் குளிரே கிடைக்காமல் சாவதுதான் அதிகம் என்பது என் எண்ணம்.

நான் இருப்பது வட கரோலினாவில், ராலே பக்கம். இந்தச் செடியின் சொந்த ஊர் இங்கிருந்து கார் தூரம்தான். உலகத்தில் இது தானாக வளர்வது வில்மிங்டன் நகரைச் சுற்றி ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வட்டத்துக்குள், வட, தென் கரோலினாக்களின் கடலோரச் சமவெளியில் மட்டும். பார்ப்பவர்கள் பலரும் அமேசான் காட்டுச் செடி என்றே நினைக்கிறார்கள். கடைக்காரர்களும் பிளாஸ்டிக் மூடி போட்ட டப்பாவில் புழுங்கப் புழுங்க வைத்து விற்று அந்த எண்ணத்தை வளர்த்துவிட்டார்கள். (உங்களுடையது இன்னும் அந்த மூடிக்குள் இருந்தால் முதல் வேலையாக அதைக் கழற்றிப் போடுங்கள்.) வில்மிங்டனில் ஜனவரி மாதப் பகல் 13, 14 டிகிரி செல்சியஸ், இரவு 2 டிகிரி வாக்கில். நடுநடுவே உறைபனி விழும் இரவுகளும் உண்டு. இந்த மூன்று நான்கு மாதக் குளிரை எதிர்பார்த்தே செடியின் உடம்பு அமைந்திருக்கிறது.

செப்டம்பர் கடைசியிலிருந்து பகல் குறையக் குறைய, இரவு குளிரக் குளிர, நிமிர்ந்து நின்ற நீள இலைகள் ஒவ்வொன்றாகக் கறுக்கும். புதிதாக வருபவை குட்டையாக, மண்ணோடு ஒட்டிப் படுத்தபடி வரும். கோடையில் பொறிக்குள் இருக்கும் முடிகளை இருபது வினாடிக்குள் இரண்டு முறை தொட்டால் கண் இமைக்கும் முன் மூடிவிடும் அதே செடி, டிசம்பரில் தொட்டால் சோம்பேறித்தனமாகப் பாதி மூடும், இல்லையென்றால் மூடவே மூடாது. அப்போது ஈ, புழு எதையும் ஊட்டாதீர்கள். செரிக்காது, பொறிக்குள்ளேயே அழுகும்.

செடி உயிரோடு இருக்கிறதா என்று இலையைப் பார்த்து முடிவுசெய்ய முடியாது. மேல்மண்ணை விரலால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். இலைகளின் அடிப்பாகம் தடித்து, ஒன்றையொன்று தழுவிக்கொண்டு, வெள்ளையாக ஒரு சின்னக் கிழங்கு தெரியும். அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். வெள்ளையாக, கெட்டியாக இருந்தால் செடி நலம், மேலே ஒரு இலைகூட இல்லாவிட்டாலும் சரி. பழுப்பேறிக் கொழகொழவென்று நசுங்கினால்தான் கதை முடிந்தது. வேர் கறுப்பாக இருப்பதைக் கண்டு பதற வேண்டாம், இதன் வேரின் நிறமே அதுதான்.

அந்தக் கிழங்கை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு இங்கே பிரன்ஸ்விக் கவுண்டியில் உள்ள கிரீன் ஸ்வாம்ப் காப்பகமே சாட்சி. நெடு ஊசியிலைப் பைன் மரங்களும் புல்லும் நிறைந்த இடம் அது. புதர் மண்டி ஃப்ளைட்ராப்பின் வெயிலை மறைத்துவிடாமல் இருக்க அவ்வப்போது வேண்டுமென்றே தீ வைக்கிறார்கள். தரைக்கு மேல் இருக்கும் இலையெல்லாம் பொசுங்கிப் போகும். மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். தீயில் இலையை இழந்தும் பிழைக்கிற செடிக்கு நவம்பரில் நாலு இலை கறுப்பது ஒரு பொருட்டே இல்லை.

இனி எங்கே வைப்பது என்பது. உங்களுக்கு வேண்டியது 0 முதல் 10 டிகிரிக்குள் இருக்கும் ஓர் இடம். ஹீட்டர் இல்லாத கராஜ், அதில் ஒரு ஜன்னல் இருந்தால் அதைவிட நல்ல இடம் கிடையாது. ராலேயில் நான் பால்கனியிலேயே விட்டுவிடுகிறேன், இரவு -5க்குக் கீழே போகும் என்று வானிலை சொன்னால் மட்டும் உள்ளே தூக்குவேன். நியூ ஜெர்சியில் அந்தத் துணிச்சல் வேண்டாம். தரையில் இருக்கும் செடிக்குச் சுற்றியுள்ள மண் போர்வை. தொட்டிக்கோ நாலு பக்கமும் குளிர். மண் முழுக்க உறைந்துகொண்டால் வேர் தண்ணீரை இழுக்க முடியாது, வறண்ட காற்று இலையிலிருந்து உறிஞ்சிக்கொண்டே இருக்கும். குளிரைவிட இந்த வறட்சிதான் கொல்கிறது. தோட்டம் இருந்தால் தொட்டியை விளிம்புவரை மண்ணில் புதைத்து, மேலே பைன் ஊசியிலைகளைத் தடிமனாகப் போர்த்தலாம்.

அபார்ட்மெண்ட், கராஜும் இல்லை, தோட்டமும் இல்லை என்றால் ஃப்ரிட்ஜ். நவம்பர் கடைசியில், செடி ஏற்கெனவே சோர்ந்திருக்கும்போது தொட்டியிலிருந்து எடுங்கள். மண்ணை உதறி, மழைத்தண்ணீரில் கிழங்கை அலசி, கறுத்த இலைகளைக் கத்தரித்துவிடுங்கள். ஸ்பாக்னம் பாசியை (சதுப்பில் வளரும் ஒரு பாசி) நனைத்து நன்றாகப் பிழிந்து அதில் கிழங்கைச் சுற்றி ஜிப் பையில் போட்டுக் காய்கறித் தட்டில் வையுங்கள், ஃப்ரீசரில் அல்ல. பிழிந்த பாசியை மறுபடி அழுத்தினால் சொட்டுத் தண்ணீர்கூட வரக்கூடாது, தொட்டால் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். அந்தக் குளிரில் வெளிச்சம் இல்லாதது பிரச்சினையே இல்லை. இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை பையைத் திறந்து பாருங்கள். வீட்டில் இருப்பவர்களிடமும் சொல்லிவையுங்கள், கெட்டுப்போன இஞ்சி என்று குப்பைக்குப் போய்விடக்கூடும்.

எந்த வழியில் வைத்தாலும் எதிரி சாம்பல் பூஞ்சணம்தான். செத்த இலையில் தொடங்கிக் கிழங்குக்கு இறங்கும். அதனால் முழுதாகக் கறுத்த இலையை உடனே வெட்டிவிடுங்கள். பாதி பச்சை இருந்தால் விட்டுவைக்கலாம். பஞ்சு மாதிரிச் சாம்பல் நிறத்தில் ஏதாவது தெரிந்தால் கந்தகப் பூஞ்சைக்கொல்லி தெளித்து, காற்றோட்டம் கொடுங்கள். கோடையில் தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டில் எப்போதும் தண்ணீர் நிற்கலாம், குளிர்காலத்தில் தட்டு காலியாக இருக்கட்டும், மண் மட்டும் ஈரமாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் எந்தப் பருவத்திலும் கூடாது. மழைத்தண்ணீர், காய்ச்சி வடித்த தண்ணீர், டிடிஎஸ் (தண்ணீரில் கரைந்த உப்புகளின் அளவு) 50க்குக் கீழே உள்ள ஆர்ஓ தண்ணீர், இவைதான். கொல்லைப்புறப் பனியை வாளியில் அள்ளி உருக்கினாலும் அருமையான தண்ணீர். சாலையோரப் பனியில் உப்பு போட்டிருப்பார்கள், அது வேண்டாம்.

பிப்ரவரி கடைசியில் பீட் பாசியும் (மட்கிய சதுப்புப் பாசி) பெர்லைட்டும் (இலேசான வெள்ளைக் கல் துகள்) சம அளவு கலந்த புது மண்ணில் நட்டு, மெல்ல மெல்ல வெயிலுக்குக் கொண்டுவாருங்கள். உரம் ஒரு சிட்டிகைகூட வேண்டாம். ஏப்ரல் வாக்கில் நடுவிலிருந்து பூத்தண்டு கிளம்பினால், விதை வேண்டாம் என்றால் சின்னதாக இருக்கும்போதே வெட்டிவிடுங்கள். உறங்கி எழுந்த செடியின் சேமிப்பையெல்லாம் அது தின்றுவிடும்.

இதே வைத்தியம் பூச்சி பிடிக்கும் இன்னொரு வகையான சர்ராசீனியா குடுவைச் செடிகளுக்கும் பொருந்தும். அதில் ஊதாக் குடுவை வகை கனடாவின் சதுப்புகளிலேயே வளர்கிறது, நியூஃபவுண்ட்லாந்து லாப்ரடோர் மாகாணத்தின் மலரே அதுதான், நியூ ஜெர்சிக் குளிர் அதற்கு ஒன்றுமில்லை. நெப்பந்தஸ் (வெப்பமண்டலக் குடுவைச் செடி), கேப் பனித்துளிச் செடி (ஒட்டும் துளிகளால் பூச்சி பிடிப்பது) இரண்டுக்கும் உறக்கம் கிடையாது, அவற்றை ஜன்னலோரம் வீட்டுக்குள்ளேயே வையுங்கள். கலந்து வளர்ப்பவர்கள் இங்கேதான் குழம்புகிறார்கள்.

சென்னையிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: ஆன்லைனில் ஃப்ளைட்ராப் வாங்காதீர்கள் என்றுதான் சொல்வேன். அங்கே வருடத்தின் மிகக் குறுகிய பகலே 11 மணி நேரத்துக்கு மேல், ஜனவரி இரவே 20 டிகிரி. ஒவ்வொரு வருடமும் மூன்று மாதம் ஃப்ரிட்ஜில் இடம் ஒதுக்கத் தயார் என்றால் முயலலாம். இல்லையென்றால் நர்சரிகளில் கிடைக்கும் நெப்பந்தஸ் கலப்பின ரகங்கள் மாடித் தோட்டத்து நிழலில், ஈரக் காற்றில், எந்த உறக்கமும் கேட்காமல் வளரும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் தாராளமாக ஃப்ளைட்ராப்பை வெளியிலேயே வைத்துப் பார்க்கலாம், அந்த இரவுக் குளிர் அதற்குப் பிடிக்கும்.