பிளக் ஒயரைத் திருப்பிக் கொடுக்கும் முன் வரிசையைப் பாருங்கள்

கேள்வி: என்னிடம் 1998 மாடல் மாருதி 800 இருக்கிறது. டேப்பட் கவரில் ஆயில் கசிந்ததால் கேஸ்கட்டை வீட்டிலேயே மாற்றினேன். அந்தச் சாக்கில் வேலூரில் ஒரு கடையில் புது பிளக் ஒயர் செட்டும் வாங்கி மாட்டினேன். இப்போது வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. கார்புரேட்டர் பக்கம் 'டப் டப்' என்று வெடிக்கிறது. ஒயர் மட்டம் என்று எடுத்துக்கொண்டு போனால், "எலக்ட்ரிக்கல் சாமானைத் திருப்பி எடுக்க மாட்டோம், பில்லிலேயே போட்டிருக்கிறோம்" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
– குடியாத்தம் வாசகர்

பதில்: கடைக்காரரோடு பேசுவதைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். அந்த 'டப்' சத்தமே ஒயரில் பொறி வருகிறது என்பதற்குச் சாட்சி. மூன்று ஒயரும் செத்திருந்தால் இன்ஜின் சும்மா சுற்றும். ஒன்று மட்டும் செத்திருந்தால் மற்ற இரண்டு சிலிண்டரில் நடுங்கிக்கொண்டாவது ஓடும். உங்கள் வண்டியில் பொறி வருகிறது, ஆனால் வேறு சிலிண்டருக்குப் போகிறது. இன்டேக் வால்வு திறந்திருக்கும் நேரத்தில் பொறி விழுந்தால், உள்ளே வந்துகொண்டிருக்கும் பெட்ரோல் கலந்த காற்று பற்றி, வந்த வழியே திரும்பி வெடிக்கும். ஏர் ஃபில்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள், தீ முகத்துக்கு வரும்.

பொறிக்கான மின்சாரத்தை ஒவ்வொரு சிலிண்டருக்கும் முறைவைத்து அனுப்புவது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் மூடியில் (கேப்) சுற்றி இருக்கும் மூன்று முனையில் மூன்று ஒயரை ஆறு விதமாக மாட்டலாம். சரியானது ஒன்றே ஒன்று. மாருதி 800 இன்ஜின் எரியும் வரிசை 1-3-2, அதாவது முதல் சிலிண்டருக்குப் பிறகு மூன்றாவது, அப்புறம் இரண்டாவது. டைமிங் பெல்ட் இருக்கும் பக்கம்தான் முதல் சிலிண்டர். பலர் இங்கேதான் தடுக்கி விழுகிறார்கள்: டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பில் 1, 2, 3 என்று வரிசையாக மாட்டிவிடுகிறார்கள். பழைய மெக்கானிக்குகள் டெல்கோ என்று சொல்வார்களே, அதே டிஸ்ட்ரிபியூட்டர்தான்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, சாவியை எடுத்துவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். நம் ஊர் மே மாத வெயிலில் பானெட் ஆற நேரமாகும், அதனால் காலையிலேயே செய்வது நல்லது. எந்த ஒயர் எங்கே இருக்கிறது என்று போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பிளக்கையும் கழற்றுங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் கேப்பையும் திறந்து வையுங்கள். சமதளத்தில் வண்டியை டாப் கியரில் போட்டு ஒருவரை மெல்ல முன்னால் தள்ளச் சொல்லி, முதல் சிலிண்டரின் பிளக் ஓட்டையைக் கட்டைவிரலால் அடையுங்கள். விரலைத் தள்ளிக்கொண்டு காற்று வரும்போது அது கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் மேலேறிக் காற்றை அழுத்தும் நேரம். அந்தக் காற்று ஓய்கிற இடத்தில் நிறுத்துங்கள். இப்போது டிஸ்ட்ரிபியூட்டர் உள்ளே சுழலும் துண்டான ரோட்டார், கேப்பின் எந்த முனையைப் பார்த்து நிற்கிறதோ, அதுதான் முதல் சிலிண்டருக்கான முனை. மூன்று முனைகளும் 120 டிகிரி தள்ளித் தள்ளி இருப்பதால், கொஞ்சம் முன்பின் நின்றாலும் குழப்பம் வராது.

அப்புறம் இன்னும் கொஞ்சம் தள்ளச் சொல்லி ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பாருங்கள். அந்தத் திசையில் அடுத்த முனை மூன்றாவது சிலிண்டருக்கு, அதற்கடுத்தது இரண்டாவதுக்கு. நடு முனை, உயர் மின்னழுத்தம் தரும் இக்னிஷன் காயிலிலிருந்து வரும் ஒயருக்கு.

ஒயரை மாட்டும்போது 'டிக்' என்று உட்காரும் வரை அழுத்துங்கள். ரப்பர் மூடிக்குள் காற்று அடைத்துக்கொண்டு ஒயரை வெளியே தள்ளப் பார்க்கும், அதை நம்பி அரைகுறையாக விட்டால் முனை கருகிவிடும். கழற்றும்போது ஒயரை இழுக்காமல் ரப்பரைப் பிடித்துத் திருகி எடுங்கள். சைலன்சர் மேனிஃபோல்டில் ஒயர் படக்கூடாது. பிளக்கை முதலில் கையாலேயே முறுக்கி ஏற்றுங்கள். அலுமினிய ஹெட், மரை போய்விட்டால் பெரிய செலவு. ஸ்டார்ட் செய்யும்போது யாரும் ஒயரைத் தொட வேண்டாம், 20,000 வோல்ட் சாதாரணமாகப் போகும்.

கேஸ்கட் மாற்றும்போது டிஸ்ட்ரிபியூட்டரையே உருவி எடுத்திருந்தீர்களா? அப்படியென்றால் டைமிங், அதாவது பொறி விழும் நேரம், மாறியிருக்கலாம். டைமிங் லைட் வைத்திருக்கும் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

சரி, வரிசை சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை என்றால்? அப்போது ஒயரைச் சந்தேகிக்கலாம். மல்டிமீட்டரில் ஒவ்வொரு ஒயரின் ரெசிஸ்டன்ஸையும் பாருங்கள். நீளத்துக்கு ஏற்ற மாதிரி கொஞ்சம் ஏறி இறங்கும். ஒன்று மட்டும் எதுவுமே காட்டவில்லை என்றால் அது உள்ளே அறுந்த ஒயர். அதைப் படம் எடுத்துக்கொண்டு, பில்லோடும் அட்டைப் பெட்டியோடும் கடைக்குப் போங்கள்.

இப்போது பில்லில் அச்சடித்த அந்த வரி உங்களைத் தடுக்காது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)ன்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லை என்றால் 30 நாளுக்குள், திருப்பி எடுத்துப் பணம் தர மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தராமல் இருப்பதும் அப்படித்தான். ஆனால் பொருளில் குறை இருக்க வேண்டும். நீங்கள் மாற்றி மாட்டியது கடைக்காரரின் குறை ஆகாது, அதற்காக அவரை இழுப்பது நியாயமில்லை.

குறை இருந்தும் மறுத்தால், எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் கூடப் போதும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் தயாரிப்பாளர் முகவரிக்கும் எழுதுங்கள். அடுத்து தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் நடக்கவில்லை என்றால் வேலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குப் புகார்க் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் போட வேண்டும்.

கேள்வி: மூன்று பிளக் ஒயரில் ஒன்றில்தான் ரப்பர் வெடித்து விரிசல் விட்டிருக்கிறது. கடையில் செட்டாகத்தான் தருவோம் என்கிறார்கள். இது ஏமாற்றா?
– ஆற்காடு வாசகர்

பதில்: இல்லை. ஒயர்கள் ஒவ்வொன்றும் ஒரு நீளம், பெட்டியும் செட்டாகத்தான் வருகிறது. மூன்றும் ஒரே சூட்டில் வெந்தவை, மற்ற இரண்டும் சீக்கிரம் வெடிக்கும். செட்டாகவே மாற்றிவிட்டு, நல்ல இரண்டையும் டிக்கியில் போட்டு வையுங்கள். பெட்டியில் தயாரிப்பு மாதம், ஆண்டு பார்த்து வாங்குங்கள், பல வருடம் அலமாரியில் கிடந்த ரப்பர் வேண்டாம்.