கடிதத்தின் பின்பக்கத்தில் இருந்த எண்

முன்னோரைத் தேடுவோர் கேள்விகள்

கேள்வி: எங்கள் ஊர் போளூர் வட்டத்தில் உள்ளது. என் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் பொன்னுசாமி, வீட்டில் நடந்த ஒரு சண்டைக்குப் பிறகு யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல் புறப்பட்டுப் போய், தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குக் கப்பலேறிவிட்டார். அவருக்கு இடது புருவத்தில் மாடு முட்டிய தழும்பு உண்டு என்பது பாட்டி சொல்லக் கேட்டது. அவர் எழுதிய கடிதம் ஒன்று மட்டும் எங்களிடம் இருக்கிறது. அதில் 'டோங்காட்' என்ற ஊர்ப்பெயர் தெரிகிறது. தேதி இருந்த மூலை கிழிந்துவிட்டது. பின்பக்கத்தில் ஐந்து இலக்க எண் ஒன்று இருக்கிறது. அது அவர் அங்கே பட்ட கடன் என்று வீட்டில் சொல்வார்கள். இணையத்தில் பொன்னுசாமி என்று தேடினால் ஏராளமானவர்கள் வருகிறார்கள். எவர் எங்களவர் என்று தெரியவில்லை. எங்கே தொடங்குவது?

பதில்: அந்த எண்ணிலிருந்து தொடங்குங்கள். அது கடன் தொகையாக இருக்காது என்றே கருதுகிறேன். கடனைப் பற்றி ஊருக்கு எழுதுகிறவர் ரூபாய் என்றோ பவுன் என்றோ சேர்த்துத்தான் எழுதுவார். வெறும் எண்ணைக் கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதமாட்டார். கடிதத்தை இன்னொரு முறை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். உள்ளே வரும் தொகைகள் தமிழ் எண்களில் இருந்து, பின்பக்க எண் மட்டும் ஆங்கில எண்களில் இருக்குமானால், அது அவராக இட்ட கணக்கு அல்ல, அவருக்கு மற்றவர்கள் இட்ட எண் என்ற எண்ணம் வலுப்படும்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அன்று தொடங்கி, 1911 ஜூலையில் ஆள் அனுப்புவது தடைசெய்யப்படும் வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலில் இறங்கினார்கள். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் சென்னை வழியாகச் சென்றவர்கள். இறங்கிய ஒவ்வொருவருக்கும், கைக்குழந்தைக்கும்கூட, வரிசையாக ஓர் எண் கொடுத்தார்கள். அதற்குக் காலனி எண் என்று பெயர். ஒப்பந்தச் சீட்டு, திருமணப் பதிவு, குழந்தையின் பிறப்பு, இறப்பு என அந்த மனிதரைப் பற்றி எது எழுதப்பட்டாலும் பெயருக்குப் பக்கத்தில் அந்த எண் வந்தது. ஒரே தோட்டத்தில் பத்துப் பொன்னுசாமிகளும் இருபது முனுசாமிகளும் இருந்த நிலையில், ஊரிலிருந்து வரும் பதில் தம் கைக்கே சேரவேண்டும் என்று நினைத்தவர் அந்த எண்ணை எழுதி அனுப்பியிருப்பது இயல்பான காரியம்.

எண் ஐந்து இலக்கமாக இருப்பதே ஒரு செய்திதான். 1866இல் குடியேற்றம் நின்றபோது மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம் பேர்தான் போயிருந்தார்கள். மீண்டும் தொடங்கியது 1874இல். ஆகவே உங்கள் பெரியவர் 1874க்குப் பிறகு சென்றவர். டோங்காட் என்பது டர்பனுக்கு வடக்கே உள்ள கரும்புப் பகுதி. கடிதத்தில் உள்ள ஊரும் பின்பக்கத்து எண்ணும் ஒன்றுக்கொன்று பொருந்தியே இருக்கின்றன.

இனி, கப்பல் பட்டியல்கள். டர்பனில் உள்ள குவாசூலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதுலி ஆவண மையம் இவற்றைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்திருக்கிறது. பெயரால் தேடாமல் எண்ணால் தேடுங்கள். ஒரு வரியில் எண், பெயர், தகப்பனார் பெயர், வயது, பால், சாதி, உயரம், ஜில்லா, தாலுகா, கிராமம், உடல் அடையாளம், யாரிடம் வேலைக்கு அனுப்பப்பட்டார் என்பவை பத்தி பத்தியாக இருக்கும். இத்தகைய பக்கம் ஒன்றை முதன்முறை பார்த்தபோது என் கண் நிலைத்து நின்றது உடல் அடையாளப் பத்தியில்தான். முழங்காலில் தழும்பு, மார்பில் மச்சம் என்று ஒவ்வொருவரையும் நிறுத்திவைத்துப் பார்த்து எழுதியிருந்தார்கள். ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதிய அந்தக் குறிப்பு, இன்று பேரப்பிள்ளைகளுக்கு உதவுகிறது. பாட்டி சொன்ன புருவத் தழும்பைக் கதை என்று ஒதுக்கிவிடாதீர்கள். எண்ணுக்கு நேரே 'இடது புருவத்தில் தழும்பு' என்று இருக்குமானால் அதைவிடப் பலமான சான்று உங்களுக்குக் கிடைக்கப்போவதில்லை.

எண் ஒருவேளை தவறாகப் படிக்கப்பட்டிருந்தால், 1க்கும் 7க்கும், 3க்கும் 8க்கும் உள்ள மயக்கத்தை மனத்தில் வைத்து மாற்றிப் போட்டுப் பாருங்கள். அதுவும் கைகொடுக்காவிட்டால் கிராமத்தின் பெயரைக் கொண்டு தேடுங்கள். பெயரைக் கடைசியாக வைத்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம்மவர் வாயால் சொன்னதை, தமிழ் அறியாத எழுத்தர் தம் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார். அதைப் பின்னாளில் ஒருவர் கணினியில் ஏற்றியபோது இன்னொரு முறை மாறியது. முனுசாமி அங்கே 'மூன்சாமி' ஆனார். கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார். முதலி 'மூட்லி' ஆனார். பொன்னுசாமி 'பொன்சாமி', 'பூனூசாமி', 'புன்னசாமி' என்று எப்படியும் இருக்கலாம். அப்பன் பெயரே பிள்ளைகளுக்குக் குடும்பப் பெயராக நிலைத்துவிட்டதும் உண்டு. ஆகவே அவருடைய வாரிசுகள் இன்று 'பொன்சாமி' என்ற குடும்பப் பெயரோடு, அது யாரோ ஒருவருடைய சொந்தப் பெயர் என்று அறியாமலே வாழ்ந்துகொண்டிருக்கலாம்.

அவருடைய வரி கிடைத்ததும் அதோடு நின்றுவிடாமல், மேலும் கீழும் உள்ள இருபது வரிகளையும் படியுங்கள். சொல்லாமல் போனவர் பெரும்பாலும் தனியாகப் போயிருக்கமாட்டார். பக்கத்து ஊர்க்காரர் ஒருவரோ மாமன் மைத்துனரோ கூட வந்து, கப்பலேறுவோரைத் தங்கவைத்த சென்னை டிப்போவில் ஒன்றாகக் காத்திருந்து, அடுத்தடுத்த எண்களைப் பெற்றிருக்கலாம். அவர் பெயரை மாற்றிச் சொல்லியிருந்தாலும் கூட வந்தவர் காட்டிக்கொடுத்துவிடுவார்.

ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்த பிறகு அவர் என்ன ஆனார் என்பதற்கு வேறு ஏடுகள் வேண்டும். 1895ஆம் ஆண்டின் சட்டம், அதற்குப் பின் வந்தவர்கள் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமலும் ஊர் திரும்பாமலும் அங்கே தங்கினால் ஆண்டுக்கு மூன்று பவுன் வரி கட்டவேண்டும் என்றது. 1914இல்தான் அது நீங்கியது. அந்த வரிக்கு அஞ்சித் திரும்பியவர்கள் ஏராளம். ஆகவே திரும்பிய கப்பல்களின் பட்டியலையும் பார்ப்பது அவசியம். சொத்து விட்டு இறந்திருந்தால் அங்குள்ள நீதிமன்ற அலுவலகத்தில் ஓர் இறப்பு அறிவிப்புப் படிவம் தாக்கலாகியிருக்கும். இறந்தவர் பிறந்த இடம், பெற்றோர் பெயர், மனைவி, பிள்ளைகள் பெயர்கள் வரை அதில் கேட்கப்பட்டிருக்கும். தென்னாப்பிரிக்க வம்சாவளித் தேடலில் இதைவிடப் பயனுள்ள ஒற்றைத் தாள் கிடையாது. நேட்டால் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக்காப்பகத்தில் உள்ளன.

ஊரிலேயே தேடவேண்டியதும் உண்டு. இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். தமையனார் போன பிறகு கொள்ளுத்தாத்தா குடும்ப நிலத்தைப் பிரித்தோ விற்றோ இருப்பாரானால், அண்ணனின் பங்கு என்ன ஆயிற்று என்பதற்கு அந்தப் பத்திரத்தில் விளக்கம் எழுதவேண்டியிருக்கும். 'தேசாந்திரம் சென்று யாதொரு தகவலும் இல்லாத' என்பது போன்ற ஒரு தொடரும், போய் எத்தனை வருடம் ஆயிற்று என்ற கணக்கும் அதில் இருந்தால், கிழிந்துபோன தேதியை அதைக் கொண்டே ஈடுகட்டிவிடலாம். 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் 108ஆம் பிரிவு, ஏழாண்டுகளாகத் தகவல் இல்லாத ஒருவர் உயிரோடு இருக்கிறார் என்று வாதிடுபவரே அதை நிரூபிக்கவேண்டும் என்றது. பங்காளிகள் வழக்குக்குப் போயிருந்தால் தீர்ப்பு நகலில் அவருடைய முழுக் கதையும் இருக்கலாம். சார்பதிவாளர் அலுவலகத்தில் உங்கள் பழைய சர்வே எண்களைக் கொடுத்துக் கேளுங்கள்.

கேள்வி: நான் டர்பனில் வசிக்கிறேன். எங்கள் குடும்பத்தில் முதலில் இங்கு வந்தவர் என் பூட்டி. கைக்குழந்தையோடு தனியாக வந்ததாகப் பட்டியல் சொல்கிறது. ஜில்லா வட ஆர்க்காடு, தாலுகா பலமநேர் என்று இருக்கிறது. வேலூரில் இரண்டு முறை விசாரித்தும் ஊர் கிடைக்கவில்லை. அவர் ஏன் தனியாக வந்தார் என்பதை எங்கள் வீட்டில் யாரும் பேசுவதில்லை.

பதில்: அம்மா, ஊர் இருக்கிறது, மாநிலம்தான் மாறிவிட்டது. 1911இல் வட ஆர்க்காட்டின் வடபகுதிகளைப் பிரித்துச் சித்தூர் மாவட்டத்தை உருவாக்கினார்கள். பலமநேர் அதனோடு சென்று இன்று ஆந்திரத்தில் இருக்கிறது. திருத்தணியும் அப்படிப் போய், 1960இல்தான் நம் பக்கம் திரும்பி வந்தது. ஆகவே பட்டியலில் உள்ள ஜில்லாவை இன்றைய வரைபடத்தில் தேடக்கூடாது. அவர் கப்பலேறிய ஆண்டில் அந்தத் தாலுகா எங்கிருந்தது என்று பார்த்து, பிறகு இன்றைய இடத்துக்கு வரவேண்டும். தென் ஆர்க்காடு, சேலம் என்று எழுதப்பட்டவர்களுக்கும் இதே கதைதான். சேலம் ஜில்லா என்று எழுதப்பட்ட பல ஊர்கள் இன்று தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் இருக்கின்றன. பலமநேரில் தெலுங்கும் தமிழும் கலந்து வழங்குவதால், கிராமத்தின் பெயரை இரண்டு மொழியிலும் சொல்லிப்பார்த்து விசாரியுங்கள்.

பூட்டியைப் பற்றி வீட்டில் பேசாமல் இருப்பது எனக்கு வருத்தம் தருகிறது. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் கப்பலில் இருக்கவேண்டும் என்பது அன்றைய விதி. அந்த எண்ணிக்கையை நிரப்புவதற்காக, விதவைகளையும், புகுந்த வீட்டில் இருக்கமுடியாமல் வெளியேறியவர்களையும், பஞ்சத்தில் எல்லாவற்றையும் இழந்தவர்களையும் ஆள் பிடிப்பவர்கள் தேடிப் போனார்கள். கைக்குழந்தையோடு கடல் கடந்து, கரும்புத் தோட்டத்தில் உழைத்து, ஒரு குடும்பத்தை நிறுத்திய பெண்ணிடம் மறைக்கவேண்டியது எதுவும் இல்லை. தேடலிலும் அவருக்கு ஒரு சாதகம் உண்டு. பெண்களுக்கும் தனி எண்ணும் தனி வரியும் இருந்தன. அவருடைய தகப்பனார் பெயர் பட்டியலில் இருந்தால், அந்தப் பெயரைக் கொண்டே பலமநேர் பக்கத்தில் பிறந்த வீட்டை விசாரிக்கலாம்.

நேட்டாலில் அவர் மறுமணம் செய்திருந்தால் அந்தப் பதிவில் இரண்டு பேருடைய எண்களையும் எதிர்பாருங்கள். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத திருமணங்கள் செல்லாது என்று 1913 மார்ச்சில் கேப் நீதிமன்றத்தில் நீதிபதி சியர்ல் தீர்ப்பளித்ததும், அதை எதிர்த்து நம் பெண்கள் சிறை சென்றதும், 1914இல் சட்டம் திருத்தப்பட்டதும் நீங்கள் அறிந்ததே. பல ஆண்டுகளாகச் சேர்ந்து வாழ்ந்த தம்பதிகளின் திருமணம் ஏட்டில் மிகத் தாமதமாக ஏறியிருக்கலாம். எனவே திருமணத்தைக் குழந்தைகள் பிறந்த ஆண்டுகளுக்கு முன்பு மட்டும் தேடி நிறுத்திவிடாதீர்கள். பிந்தைய ஆண்டுகளிலும் பாருங்கள்.

கேள்வி: துறையூர்ப் பக்கத்திலிருந்து இலங்கைத் தோட்டத்துக்குப் போன என் பாட்டனாரின் தகப்பனாரை இதே போலக் கப்பல் பட்டியலில் தேடுகிறேன். எதுவும் அகப்படவில்லை.

பதில்: அந்தப் பட்டியலில் அவர் இருக்கமாட்டார். இலங்கைக்குப் போனவர்கள் நேட்டாலுக்குப் போனவர்களைப் போல ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் எண் பெற்றுப் போகவில்லை. கங்காணியின் கூட்டத்தோடும் அவர் கொடுத்த முன்பணக் கடனோடும் போனார்கள். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது அந்தக் கடனை எழுதிய 'துண்டு' கூடவே போனது. 1921இல் அந்த முறை ஒழிந்தது. எனவே உங்கள் தேடலில் முதல் பெயர் பாட்டனாரின் தகப்பனாருடையது அல்ல, கங்காணியுடையது. உங்கள் ஊரிலிருந்து ஆள் கூட்டிச் சென்ற கங்காணி வீடு எது என்பது ஊரில் வயதானவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

1964ஆம் ஆண்டின் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில், இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்க ஒப்புக்கொண்டது. உங்கள் குடும்பத்தில் எவரேனும் அப்படித் தாயகம் திரும்பியிருந்தால், அவர்களிடம் குடும்ப அட்டையும் பழைய கடவுச்சீட்டும் இருக்கிறதா என்று கேளுங்கள். அவற்றில் குடும்பத் தலைவர், உறுப்பினர்கள் பெயர்களைப் பாருங்கள். ஒன்றை மட்டும் கவனியுங்கள். மலைநாட்டில் ஒரே தோட்டத்துக்குக் கம்பெனிக் கணக்கில் ஆங்கிலப் பெயர் ஒன்றும் தொழிலாளர் வாயில் தமிழ்ப் பெயர் ஒன்றும் உண்டு. பாட்டி சொல்லும் தமிழ்ப் பெயரை அவர் உச்சரிக்கும் விதமாகவே எழுதிக்கொண்டு, அந்த மலையிலிருந்து திரும்பி நீலகிரியில் குடியேறிய ஒருவரிடம் காட்டுங்கள். கம்பெனிப் பெயரை அவர் சொன்ன பிறகு ஆவணங்களுக்குள் இறங்கலாம்.