யூலி ஏன் அந்தக் கடிதத்தைக் கிழிச்சான்?

அன்புள்ள அக்கா,

ஹகியோ மோட்டோ வரைஞ்ச 'தாமஸின் இதயம்'ங்கிற மாங்காவை (ஜப்பான் காமிக்ஸ்) இங்கிலீஷ்ல படிச்சு முடிச்சேன். பசங்களுக்குள்ள காதல்னு எடுத்தா ஆரம்பத்துலயே ஒருத்தன் செத்துப்போறான். ஜப்பான்ல 1974ல பொண்ணுங்க பத்திரிகையில வந்த தொடராமே, எழுதினதும் பொண்ணு, படிச்சதும் பொண்ணுங்க, அப்புறம் ஏன் பசங்க கதை? செத்தவன் எழுதின காதல் கடிதத்தைக் கிழிச்சுப் போடுற யூலி மேல கோவம்தான் வருது.
கே.

அன்புள்ள கே.,

எனக்கும் மொத தடவை கோவம்தான் வந்துச்சு. 13 வயசு தாமஸ் ரயில் பாதையில விழுந்து செத்துட்டான், அவன் அனுப்பின காதல் கடிதம் அதுக்கப்புறம்தான் கூடப் படிக்கிற யூலி கைக்கு வருது, அதை யூலி கல்லறைக்கே எடுத்துட்டுப் போய் கிழிக்கிறான், திரும்பினா செத்தவன் முகத்தோடயே எரிக்னு ஒரு புதுப் பையன் நிக்கிறான். அந்த இடத்துல எனக்கு உடம்பே சிலிர்த்துடுச்சு.

ஏன் பசங்கன்னு கேட்டீங்கல்ல. இதே கருவுல ஹகியோ 1971ல 'நவம்பர் ஜிம்னாசியம்'னு (ஜெர்மனில ஜிம்னாசியம்னா ஹைஸ்கூல்) ஒரு சின்னக் கதை பண்ணாங்க, அதை பொண்ணுங்க ஸ்கூல்ல நடக்கிற மாதிரியும் யோசிச்சுப் பாத்துட்டு, சரியா வரலைன்னு பசங்க ஸ்கூல்லயே வச்சாங்க. எனக்குத் தோணுறது என்னன்னா, யூலிய சீனியர் பசங்க சித்திரவதை பண்ணி உடம்புல தழும்பே இருக்கு, இது ஒரு பொண்ணுக்கு நடந்ததா வரைஞ்சிருந்தா படிக்கிற பொண்ணு பயந்து புத்தகத்தை மூடியிருப்பா, இல்ல ஊர் என்ன சொல்லும்னுதான் யோசிச்சிருப்பா. கதை நடக்கிறது தூரத்து ஜெர்மனி, அதுவும் ஒரு பையன்னு வந்ததும் அந்த வலிய கிட்டப் போய் பாக்க முடிஞ்சுது.

அப்பவும் ஈஸியா வந்துடல. மொத வாரத்து வாசகர் ஓட்டுல கடைசி இடம், எடிட்டர் சீக்கிரம் முடிச்சுடுங்கன்னுட்டார். அதே சமயத்துல ஹகியோவோட இன்னொரு மாங்கா 'போ குடும்பம்' மொதல் தொகுதி 30,000 பிரதி மூணே நாள்ல வித்துத் தீர்ந்துச்சு, அதனாலதான் இந்தத் தொடர் பிழைச்சுது. ரெண்டு வருஷம் கழிச்சு, 1976ல, இதே மாதிரி பசங்க காதலை வரைஞ்ச இன்னொரு மாங்கா ஓவியர் டகேமியா கேய்கோவோட 'காற்றும் மரமும் பாடும் பாடல்' வந்துச்சு, அதையும் தேடிப் படிங்க, ஆனா அது இதைவிட ரொம்பக் கடுமை.

யூலி விஷயத்துக்கு வரேன். அவன் கிழிச்சது வெறுப்புல இல்லைங்க. தாமஸை அவனுக்கும் பிடிச்சிருந்துச்சு. தனக்கு நடந்ததுக்கு அப்புறம் தான் அழுக்காயிட்டோம், மத்தவங்களுக்கு இருக்கிற இறக்கை தனக்கு இல்லன்னு நம்பிட்டான், அப்படி நம்புறவன் கையில இது என் இதயம்னு ஒருத்தன் கொடுத்தா அதை எப்படி வாங்கிக்குவான்? இதை மனசுல வச்சு கல்லறை வர்ற பக்கத்தை இன்னொரு வாட்டி பாருங்க, பாத்துட்டு எனக்கு எழுதுங்க.