வாசகர் கேள்வி - பதில்: ஊசலும் பொய் சொல்லவில்லை

கேள்வி: தனி ஊசலில் குண்டின் நிறையை மாற்றினாலும் அலைவு நேரம் (ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரம்) மாறாது என்று பாடத்தில் சொல்லிவிட்டு, மாணவர்களைச் செய்துபார்க்கச் சொன்னேன். வாஷர்களை ஒவ்வொன்றாகக் கூட்டக் கூட்ட நேரமும் கூடிக்கொண்டே போனது. "அளந்ததில் பிழை" என்று முடித்துவிட்டேன். சரிதானா? (ஓர் ஆசிரியை)

பதில்: அளந்தது பெரும்பாலும் சரியாகவே இருக்கும். வாஷர்களை எப்படி மாட்டினார்கள் என்று கேளுங்கள். ஒன்றின் கீழ் ஒன்றாகச் சங்கிலிபோல் கோத்திருந்தால் நிறையோடு நீளமும் கூடியிருக்கும். ஊசலின் நீளம் நூலோடு முடிந்துவிடுவதில்லை. தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் நிறை மையம் வரை கணக்கு. 25 செ.மீ. ஊசலில் அந்த மையம் 4 செ.மீ. கீழே இறங்கினால், 10 அலைவுகளுக்கு 10.0 விநாடி ஆனது 10.8 விநாடி ஆகிவிடும். சாதாரண ஸ்டாப்வாட்ச்சே இதைக் காட்டிக்கொடுக்கும்.

பேப்பர் கிளிப் ஒன்றைக் கொக்கியாக வளைத்து, எல்லா வாஷர்களையும் அதே வளைவில் பக்கம் பக்கமாக மாட்டச் சொல்லுங்கள். நூலைக் கம்பியில் வெறுமனே சுற்றிக் கட்டினால் ஆட ஆட நழுவும். இரண்டாகப் பிளந்த தக்கையின் நடுவே இறுக்கிப் பிடிப்பது நல்லது. குண்டை 10 டிகிரிக்கு மேல் இழுக்க வேண்டாம். 60 டிகிரி வரை இழுத்துவிட்டால் அலைவு நேரம் சுமார் 7 சதவீதம் கூடும்; பழி மறுபடியும் நிறைமேல் விழும்.

ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்ற விதியை எத்தனை முறை கரும்பலகையில் எழுதினாலும் பிள்ளைகள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். இந்த வாஷர் சங்கிலியை அவர்களே கண்டுபிடித்தால் மறக்கமாட்டார்கள். அதனால் அடுத்த முறை காரணத்தை நீங்கள் சொல்லாதீர்கள். "நிறையைத் தவிர வேறு என்னென்ன மாறியது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அளவுகோலைக் கையில் கொடுங்கள்.

கேள்வி: 2 செ.மீ. விட்டமுள்ள உலோகக் குண்டு, 24 செ.மீ. நூல், 10 அலைவுகளுக்கு 10.0 விநாடி. புவியீர்ப்பு முடுக்கம் 9.5 என்று வந்தது. 9.8 என்று மாற்றி எழுதினால்தான் மதிப்பெண் என்கிறார்கள் நண்பர்கள். (ஒரு மாணவர்)

பதில்: மாற்றாதீர்கள். அந்த 9.5-க்குள்தான் துப்பு இருக்கிறது. நூலை முடிச்சு வரை அளந்திருக்கிறீர்கள். குண்டின் ஆரம் 1 செ.மீ. சேர்த்தால் நீளம் 25. இப்போது கணக்கிட்டால் 9.9 வரும். கொக்கி இருந்தால் அதன் நீளமும் சேரும்.

இதேபோல் 12.2 என்று வந்தால் எண்ணுவதில் தவறு. குண்டை விடும்போதே "ஒன்று" என்று தொடங்கினால் உண்மையில் 9 அலைவுகளைத்தான் அளக்கிறீர்கள். "பூஜ்யம்" என்று தொடங்குங்கள். குண்டு மிகத் தாழ்ந்த இடத்தைக் கடக்கும்போது பொத்தானை அழுத்துங்கள். அங்கேதான் அது வேகமாகப் போகும், எந்தக் கணத்தில் கடந்தது என்ற குழப்பம் குறைவு. ஓரத்தில் அது தயங்கி நிற்கும்.

ஐந்து முறை அளந்து 9.9-இலிருந்து 10.1 விநாடி வரை வந்தால், புவியீர்ப்பு முடுக்கம் ஏறக்குறைய 9.7 முதல் 10.1 வரை என்று எழுதுங்கள். 9.8 அதற்குள் இருக்கிறது. திருத்திய ஒற்றை எண்ணைவிட நேர்மையான இந்த இடைவெளிக்குத்தான் நாங்கள் மதிப்பெண் போடுவோம்.

கேள்வி: தண்ணீர்த் தட்டில் எரியும் மெழுகுவத்திமேல் கண்ணாடிக் குவளையைக் கவிழ்த்தால், ஆக்ஸிஜன் தீர்ந்து, நீர் ஐந்தில் ஒரு பங்கு ஏறும் என்கிறார்கள். எங்களுக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வோர் அளவு ஏறுகிறது. ஏன்?

பதில்: அந்த விளக்கமே தவறு. பல காலமாகச் சுற்றிவருவது என்பதைத் தவிர அதற்கு வேறு தகுதி இல்லை. நீர் எப்போது ஏறுகிறது என்று கவனியுங்கள். சுடர் எரியும்போது கொஞ்சம்தான். அணைந்த பிறகுதான் விறுவிறுவென்று ஏறும். ஆக்ஸிஜன் செலவாவதுதான் காரணம் என்றால் எரியும்போதே சீராக ஏற வேண்டும். அதே குவளையில் இரண்டு, மூன்று மெழுகுவத்திகளை வைத்தும் பாருங்கள்: நீர் இன்னும் உயரும். குவளைக்குள் இருந்த ஆக்ஸிஜனின் அளவோ அதேதான்.

நடப்பது இது. குவளையைக் கவிழ்க்கும்போது உள்ளே சூடான, விரிந்த காற்று இருக்கிறது. விளிம்பில் குமிழிகளாகவும் கொஞ்சம் வெளியேறும். சுடர் அணைந்ததும் மிச்சக் காற்று குளிர்ந்து சுருங்குகிறது, நீராவியும் படிகிறது, வெளிக்காற்றின் அழுத்தம் நீரை உள்ளே தள்ளுகிறது. போதாததற்கு, ஆக்ஸிஜன் முழுதும் தீரும் முன்பே சுடர் அணைந்துவிடும். எரிந்த ஆக்ஸிஜனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கன அளவுக்குக் கார்பன் டை ஆக்ஸைடும் வந்துசேர்கிறது.

ஐந்தில் ஒரு பங்கைக் காட்டியே ஆக வேண்டுமென்றால் இரும்பைத் துருப்பிடிக்க விடுங்கள். மெல்லிய எஃகுக் கம்பளி (நூல்போன்ற இரும்பு இழைகளின் சுருள்) 1 கிராம் எடுத்து, வினிகரில் ஒரு நிமிடம் ஊறவைத்து, நீரில் நன்றாக அலசி உதறுங்கள். அலசாவிட்டால் அமிலமும் இரும்பும் சேர்ந்து ஹைட்ரஜனை வெளியிட்டு நீரைக் கீழே தள்ளும். கம்பளியைப் பிரித்துச் சோதனைக் குழாயின் அடியில் செருகி, நீரில் கவிழ்த்து, நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு ஒரு நாள் முழுக்க விடுங்கள். 15 செ.மீ. காற்று இருந்தால் நீர் சுமார் 3 செ.மீ. ஏறும். அளக்கும்போது குழாயின் உள்ளும் வெளியும் நீர்மட்டம் சமமாக இருக்கும்படி குழாயை இறக்குங்கள். பக்கத்தில் கம்பளி இல்லாத குழாய் ஒன்றும் நிற்கட்டும். வெயில் ஏறி இறங்கியதால் வந்த மாற்றத்தை அது தனியே காட்டும். பாத்திரம் தேய்க்கும் பளபளப்பான துருப்பிடிக்காத சுருள் இதற்கு உதவாது. வாங்குபவர்கள் பெரும்பாலும் ஏமாறுவது இங்கேதான்.

கேள்வி: கண்டதற்கும் ஊகித்ததற்கும் உள்ள வித்தியாசத்தை ஆறாம் வகுப்புக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: மூடியுள்ள உலோக டம்ளர், சாயம் கலந்த நீர், பனிக்கட்டி போதும். வெளியே துளிகள் படிந்ததும் "என்ன பார்த்தாய்?" என்று கேளுங்கள். "தண்ணீர் கசிகிறது" என்பார்கள் பலர். பார்த்தது துளிகளை, கசிவு ஊகம். துளிக்குச் சாயம் இருக்கிறதா என்று வெள்ளைத் தாளில் ஒற்றிப் பார்க்கட்டும். பிறகு எடை: கசிவு என்றால் துளியோடு சேர்த்து மொத்த எடை மாறாது, காற்றிலிருந்து வந்தது என்றால் கூடும். எது நடக்கும் என்று ஒவ்வொருவரும் எழுதிக் கையெழுத்திட்ட பிறகே தராசைத் தொட விடுங்கள். 0.1 கிராம் வரை காட்டும் தராசு வேண்டும். பனிக்கட்டி போட்டு மூடியதும் வெளிப்புறத்தைத் துடைத்து முதல் எடையைக் குறித்துவிடுங்கள். வறண்ட காற்றுள்ள நாளில் துளியே படியாமல் போகலாம், அப்போது இன்னொரு நாள்தான் வழி.