அம்மா சொன்னதை எழுதி வையுங்கள்

அன்புள்ள ஐயா,

சென்னையில் பழைய மகாபலிபுரம் சாலையில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பதினொன்றாம் தளத்தில் வீடு பதிவு செய்திருக்கிறோம். சென்னை நிலநடுக்க மண்டலம் மூன்றில் இருக்கிறது என்று படித்ததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை. வாங்கலாமா, முன்பணத்தைத் திரும்பக் கேட்கலாமா? சிறிய அதிர்வுகள் அவ்வப்போது வந்தால் பூமிக்குள் அழுத்தம் குறைந்துவிடும், பெரியது வராது என்கிறார் என் கணவர். அது சரியா?

எங்கள் சொந்த ஊர் வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டுப் பக்கம். 2021 டிசம்பரில் அங்கே நிலம் அதிர்ந்தபோது அம்மா பல இரவுகள் வாசலில் பாய் விரித்துப் படுத்தார். இப்போதும் சில நாட்களில் கட்டில் ஆடியது, பாத்திரங்கள் சலசலத்தன என்கிறார். செய்தியில் எதுவும் வருவதில்லை. வயதின் மயக்கம் என்று அண்ணன் அவரை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள சகோதரி,

வீட்டைப் பற்றி அவ்வளவு விரிவாகக் கேட்ட நீங்கள், அம்மாவைப் பற்றிக் கடைசியில் நான்கு வரி எழுதியிருக்கிறீர்கள். நான் பதில் எழுத உட்கார்ந்தது அந்த நான்கு வரிக்காக. சில மாதங்களாகவே இதைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டு விஷயத்தை முடித்துவிடுகிறேன். மண்டலம் மூன்று என்றால் மிதமான அபாயம். 2002-இல் இந்தியத் தர நிர்ணய அமைப்பு நிலநடுக்க மண்டல வரைபடத்தைத் திருத்தியபோது சென்னை இரண்டிலிருந்து மூன்றுக்கு வந்தது. நீங்கள் கேட்க வேண்டியது எத்தனையாவது தளம் என்பதல்ல. தரைத்தளம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று கேளுங்கள். 2001 ஜனவரி 26-இல் குஜராத்தின் பூஜில் நிலம் நடுங்கியபோது, இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் இடிந்தன. அவற்றில் பல, கார் நிறுத்துவதற்காகக் கீழ்த்தளத்தில் சுவரே இல்லாமல் தூண்களை மட்டும் நிறுத்திக் கட்டப்பட்டவை. நம்பகமான கட்டுமானப் பொறியாளர் ஒருவரை அழைத்துப்போய்க் கட்டிட வரைபடத்தைக் காட்டுங்கள். முன்பணத்தைப் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.

உங்கள் கணவர் சொல்வது தவறு. படித்தவர்கள் பலர் இதைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் கோபம் வருகிறது. நிலநடுக்க அளவுகோலில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் ஆற்றல் ஏறத்தாழ 32 மடங்கு கூடும். இரண்டு எண் கூடினால் ஆயிரம் மடங்கு. 2021 டிசம்பரில் வேலூர் மாவட்டத்தில் பதிவானது 3.5. மகாராஷ்டிரத்தில் 1993 செப்டம்பர் 30 விடியலில் கில்லாரியை அழித்தது 6.2. அந்த ஒன்றின் ஆற்றலைச் சிறிது சிறிதாகக் கழிக்க வேண்டுமென்றால் பேரணாம்பட்டு அதிர்வு பத்தாயிரம் முறைக்கு மேல் வர வேண்டும். கில்லாரியிலும் 1992-லேயே சிறிய அதிர்வுகள் வந்தன. அவை எதையும் கழித்துவிடவில்லை. வரைபடத்தில் அபாயம் மிகக் குறைந்த மண்டலத்தில் இருந்த அந்தப் பகுதியில், கணபதியைக் கரைத்துவிட்டு வந்து உறங்கிய மக்களில் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தார்கள். கல்லையும் சேற்றையும் வைத்துக் கட்டிய தடித்த சுவர்களும் மண் ஏற்றிய கூரைகளும் அவர்கள் மேல் விழுந்தன. இதைச் சொல்வதால் சிறிய அதிர்வு வந்த ஊரிலெல்லாம் பெரியது வரும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான இடங்களில் வருவதில்லை. ஆனால் பொய்யான ஆறுதல் வேண்டாம்.

இனி அம்மா.

எனக்கு மயிலாப்பூரில் ஓர் அத்தை இருந்தார். மூன்றாவது மாடியில் வீடு. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறரை மணி. பூஜை அலமாரி முன்னால் நின்று தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தவர், தரை நகர்கிறது என்று மாமாவைக் கூப்பிட்டார். "வெறும் வயிற்றில் நிற்காதே, காப்பியைக் குடி" என்றார் மாமா. இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு கடல் ஊருக்குள் வந்தது. மாலையில் நான் போனபோது தொலைக்காட்சியில் மெரினாவைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். அத்தை சமையலறையில் நின்று அழுதுகொண்டிருந்தார். "நான் சொன்னேனே, சொன்னேனே" என்பதைத் தவிர அவரிடமிருந்து ஒரு சொல் வரவில்லை.

அவரை உட்காரவைத்துக் கேட்டேன். என்ன பார்த்தீர்கள்? தூக்கு விளக்கு ஆடியது. எந்தப் பக்கமாக? வாசலுக்கும் கொல்லைக்குமாக. சத்தம் ஏதாவது? இல்லை. எவ்வளவு நேரம்? கடிகாரத்தை அவர் பார்க்கவில்லை. ஆனால் தோத்திரத்தில் எந்த வரியில் தொடங்கியது, எந்த வரியில் விளக்கு நின்றது என்று சொன்னார். இடையில் எட்டு வரி. அவர் சொல்லும் வேகத்தில் என்னையும் சொல்லவைத்து நேரம் பார்த்தார். ஒரு நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. தென் அமெரிக்காவின் பழைய பதிவுகளில் நிலநடுக்கத்தின் நீளத்தை இத்தனை ஜெப நேரம் என்று எழுதியிருப்பார்கள். அத்தைக்கு அது தெரியாது, தானாகவே அதைச் செய்தார்.

அவர் சொன்ன ஒவ்வொன்றும் பொருளுள்ளது. சத்தமில்லாமல், மெதுவாக, நீண்ட நேரம், மாடியில் மட்டும் தெளிவாக ஆடினால் அது தொலைவில் நடந்த பெரிய நிலநடுக்கம். தொலைவு கூடக் கூட வேகமான அதிர்வுகள் தேய்ந்துவிடும், மெதுவான அலைகளே மிஞ்சும், உயரமான கட்டிடங்கள் அவற்றுக்குத்தான் அசையும். அன்று சுமத்ராவுக்கு அருகே தொடங்கிய பிளவு வடக்கே அந்தமான் வரை 1,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. சென்னையிலிருந்து அது தொடங்கிய இடம் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர். அந்தக் காலையில் இந்தியப் பெருங்கடலுக்கு என்று எச்சரிக்கை மையம் எதுவும் கிடையாது. ஐதராபாத்தில் அது தொடங்கியது 2007-இல்தான். அத்தை சொன்னதை மாமா நம்பியிருந்தாலும் ஓர் உயிரையும் காப்பாற்றியிருக்க முடியாது. ஆனாலும் நம்பியிருக்க வேண்டும் என்பதை நான் விடமாட்டேன்.

நிலநடுக்கம் வழக்கமான ஊர்களில் ஒருவர் "ஆடுகிறது" என்றால் எல்லோரும் எழுந்துவிடுவார்கள். அரிதாக வரும் நம் ஊர்களில் சொன்னவரைத்தான் சந்தேகப்படுகிறோம். பித்தம், ரத்த அழுத்தம், தூக்கக் கலக்கம், பயம் என்று அடுக்குகிறோம். அதிலும் சொன்னவர் வயதான பெண் என்றால் விசாரணையே கிடையாது. ஆனால் பகலில் வீட்டில் இருப்பவர் அவர்தான். அசையாமல் உட்கார்ந்திருப்பவர், இரவில் விழித்துக் கிடப்பவர் அவர்தான். நடந்துகொண்டிருப்பவனுக்கும் பைக்கில் போகிறவனுக்கும் சிறிய அதிர்வு தெரியவே தெரியாது.

1902-இல் இத்தாலியப் பாதிரியார் மெர்காலி ஓர் அளவுகோல் வகுத்தார். கருவியால் அளக்கும் ரிக்டரின் அளவுகோல் வந்தது 1935-இல். மெர்காலியுடையது இன்றும், திருத்தப்பட்ட வடிவில், உலகெங்கும் பயன்படுகிறது. அதில் எந்தக் கருவியும் இல்லை. மனிதர்கள் என்ன உணர்ந்தார்கள், எது ஆடியது, எது விழுந்தது என்பதுதான் அளவு. மூன்றாம் படியில், வீட்டுக்குள் இருப்பவர்கள் ஒரு லாரி கடந்து போனதாக நினைப்பார்கள், பலர் அதை நிலநடுக்கம் என்றே அறியமாட்டார்கள். நான்காம் படியில் பாத்திரங்களும் கதவுகளும் சலசலக்கும். உங்கள் அம்மா சொல்வது அப்படியே இந்த இரண்டு படிகளுக்குள் அடங்குகிறது.

இன்னும் பின்னால் போகிறேன். 1755 நவம்பர் 1-இல் லிஸ்பன் நகரம் நிலநடுக்கத்தாலும் கடலாலும் தீயாலும் அழிந்தபோது, போர்ச்சுகலின் அமைச்சர் பொம்பால் நாட்டின் எல்லாத் தேவாலயப் பங்குகளுக்கும் கேள்விப் பட்டியல் அனுப்பினார். எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எந்தத் திசையிலிருந்து அதிகமாக இருந்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா? பங்குக் குருக்கள் எழுதிய பதில்கள் இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. இன்றைய ஆய்வாளர்கள் அவற்றைத்தான் புரட்டுகிறார்கள். நம் நாட்டிலும் 1900 பிப்ரவரி 8-இல் கோயம்புத்தூரில் வந்த நிலநடுக்கம் ஏறத்தாழ 6 அளவு இருந்திருக்கும் என்று கணித்தது, எந்தெந்த ஊரில் யார் என்ன உணர்ந்தார்கள் என்ற குறிப்புகளைக் கொண்டுதான். யாரோ எழுதி வைத்தார்கள், அதனால் இன்று கோவையில் பாலம் கட்டுகிறவனுக்குக் கணக்குப் போட ஓர் எண் இருக்கிறது.

செய்தியில் வரவில்லை என்கிறீர்கள். அதனால் என்ன? மிகச் சிறிய அதிர்வுகளைத் தொலைவில் உள்ள மையங்கள் தவறவிடலாம். ஆழம் குறைவாக இருந்தால், பட்டியலில் ஏறாத அதிர்வுகூடக் காலடியில் இருப்பவரை எழுப்பிவிடும். கனமழைக்குப் பிறகு பாறைப் பிளவுகளில் நீர் இறங்கி அப்படிப்பட்ட அதிர்வுகள் வருவது தக்காணத்தின் பல இடங்களில் தெரிந்ததுதான்.

அண்ணன் டாக்டரிடம் காட்டியதில் தவறில்லை. கேட்காமல் காட்டியதுதான் தவறு. அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போங்கள். கட்டிலுக்கு எதிரே ஏதாவது ஒன்றை நூலில் கட்டித் தொங்கவிடுங்கள். விடிவிளக்கு ஒன்றும் போட்டுவிடுங்கள். ஆட்டம் தெரியும்போது, காற்றோ மின்விசிறியோ இல்லாமல் அது அசைந்தால் பெரும்பாலும் நிலம். ஒருமுறைகூட அசையவில்லை என்றால் காதையோ ரத்த அழுத்தத்தையோ பார்க்கலாம், அப்போது டாக்டரிடம் போவதை அம்மாவே ஏற்றுக்கொள்வார். ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துத் தேதி, நேரம், சத்தம் வந்ததா, வெடிபோல இருந்ததா உருமலாக இருந்ததா, ஆட்டமா ஒரே குலுக்கலா என்று எழுதச் சொல்லுங்கள். வெடிச்சத்தத்தோடு ஒரே குலுக்கல் என்றால் மிக அருகில். பக்கத்தில் கல்குவாரி இருந்தால் அங்கே வெடி வைக்கும் நேரத்தையும் விசாரித்து எழுதுங்கள். எதிர்வீட்டுக்காரர்களும் உணர்ந்தார்களா என்று அம்மாவே போய்க் கேட்கட்டும். கட்டிலுக்கு மேலே பரணில் பித்தளை அண்டா இருந்தால் அன்றே இறக்கிவிடுங்கள்.

ஒரு மாதம் போகட்டும். நோட்டில் ஏதாவது ஏறியிருந்தால் ஒரு பிரதியைத் தாலுகா அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இன்னொன்றை எனக்கு அனுப்புங்கள், அம்மாவின் கையெழுத்திலேயே.

அன்புடன்