வாசகர் கேள்வி – பதில்: நிழலுக்கு என்ன நிறம்?

கேள்வி: ஓராண்டாக எண்ணெய் வண்ணத்தில் பழங்களையும் காய்களையும் இம்ப்ரெஷனிஸ்ட் பாணியில் (கணநேர ஒளியையும் நிறத்தையும் பிடிக்கும் பாணி) வரைந்து பழகுகிறேன். நிழலுக்காகக் கறுப்பைக் கலந்தால் படம் முழுவதும் சேறு படிந்தாற்போல் ஆகிவிடுகிறது. எங்கே தவறுகிறேன்?

பதில்: நிழல் என்றால் வெளிச்சம் அற்ற இடம் என்று எண்ணிவிடுவதால்தான் கை கறுப்பைத் தேடிப் போகிறது. ஜன்னலோரத்தில் வெள்ளைத் துணி ஒன்றை விரித்து, வெயில் படும்படி ஓர் ஆரஞ்சுப் பழத்தை அதன்மேல் வைத்துச் சற்று நேரம் பாருங்கள். துணிமேல் விழும் நிழலில் வானத்தின் நீலம் ஏறியிருக்கும். பழத்தை ஒட்டிய பகுதியில் மட்டும் அதே நிழல் லேசாகச் செம்மஞ்சள் காட்டும். பழத்தின் அடிவயிறோ, துணியிலிருந்து திரும்பும் வெளிச்சத்தால், நீங்கள் எதிர்பார்த்ததைவிட வெளுத்திருக்கும். ஆகவே, வெள்ளையுடன் அல்ட்ராமரீன் நீலத்தைக் கலந்து, அதன் பளிச்சிடலை அடக்கும் அளவுக்கு மட்டும் ஒரு துளி ஆரஞ்சைச் சேர்த்துத் துணியின் நிழலைத் தீட்டிப் பாருங்கள்.

பாரிஸின் கோப்ளான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவின் பொறுப்பில் இருந்த வேதியியலாளர் செவ்ரெல், கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்ற புகாரை ஆராய்ந்தபோது, குறை சாயத்தில் இல்லை, அருகிலிருந்த நீல, ஊதா நூல்களே அதை வெளிறச் செய்கின்றன என்று கண்டார். ஒரு நிறம் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும் இந்த இயல்பை விளக்கி அவர் 1839-இல் வெளியிட்ட நூல் பின்வந்த ஓவியர்களுக்குப் பெரிதும் உதவியது. ஆரஞ்சின் அருகில் நீல நிழல் உயிர் பெறுவதும் இதனால்தான்.

1881-இல் இத்தாலியின் நேப்பிள்ஸில் பிரெஞ்சு இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் ரெனுவார் வரைந்த வெங்காயப் படம் இப்போது அமெரிக்காவின் வில்லியம்ஸ்டவுனில் உள்ள கிளார்க் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கசங்கிய துணிமேல் சில வெங்காயங்களும் பூண்டும் கிடக்கின்றன, அவ்வளவுதான். ஆனால் தூரிகை வெங்காயத்தின் புடைப்பைப் பின்தொடர்ந்து வளைவதையும், பின்புலத்தில் சாய்வான கோடுகளாக ஓடுவதையும் அதன் நல்ல அச்சுப்படியிலேயே காணலாம். நான் விரும்பிப் பாடமாகச் சொல்வது இந்தப் படத்தைத்தான். அடுக்களையில் கிடைப்பதை வைத்தே தொடங்கிவிடலாம் என்ற துணிச்சலை அது தருகிறது.

சேறு படிவதற்குக் கையும் காரணம். ஈர வண்ணத்தின்மேல் ஈர வண்ணத்தை வைக்கும்போது இரண்டு மூன்று முறைக்கு மேல் அதே இடத்தைத் தேய்த்தால், ஆரஞ்சும் நீலமும் போன்ற எதிரெதிர் நிறங்கள் கலந்து சாம்பலாகிவிடும். நிறத்தை வண்ணம் கலக்கும் பலகையான பேலட்டிலேயே முடிவு செய்து, கேன்வாஸில் ஒருமுறை வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். நிறம் மாறும்போதெல்லாம் தூரிகையைத் துணியில் துடையுங்கள். நிழலை மெல்லியதாகவும் வெளிச்சத்தைத் தடிப்பாகவும் வைப்பது நல்லது.

கேள்வி: காய்ந்த படத்தில் சில மாதங்களில் வெடிப்பு விழுகிறதே, ஏன்?

பதில்: எண்ணெய் மிகுந்த அடுக்கு மெதுவாகவே காயும். அதன்மேல் எண்ணெய் குறைந்த அடுக்கைப் பூசினால், மேலது முதலில் இறுகிவிட, அடியிலுள்ளது பின்னர் அசைந்து அதைப் பிளந்துவிடுகிறது. முதல் அடுக்கை டர்பன்டைனில் இளக்கி மெல்லியதாகப் பூசுங்கள். ஆளி விதை எண்ணெயை மேலடுக்குகளில் மட்டும் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். டர்பன்டைனைப் பயன்படுத்தும்போது ஜன்னல்கள் திறந்திருக்கட்டும்.